ரயிலில் போன பிள்ளைகளின் பெயர்கள்



ஆதரவற்ற பிள்ளைகளுக்கென்று காணிக்கை அனுப்புகிறவர்கள் அடிக்கடி விசாரிக்கிற காரியங்கள் உண்டு. பிள்ளை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறதா? பள்ளிக்கூடம் போகிறதா? ஞாயிறு பாடசாலைக்கு அனுப்புகிறீர்களா? நல்ல கேள்விகள்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் பெயர் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கேள்வியைக் கேளாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்க தேசத்தில் 75 ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய தரும காரியம் சாட்சியாக நிற்கிறது. அதைப் பற்றியும், அந்தப் பிள்ளைகளின் சந்ததியார் இன்று தங்கள் வம்சத்தை எப்படித் தேடுகிறார்கள் என்பதைப் பற்றியும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1854 முதல் 1929 வரை நியூயார்க், பாஸ்டன் போன்ற கிழக்குக் கரைப் பட்டணங்களிலிருந்து ஏறக்குறைய 2 லட்சம் பிள்ளைகள், சிலர் கணக்குப்படி 2½ லட்சம் பிள்ளைகள், ரயிலேற்றி உள்நாட்டுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மிச்சிகன், இண்டியானா, அயோவா, மிசௌரி, கான்சஸ், நெப்ராஸ்கா, டெக்சஸ் என்று ரயில் போன இடமெல்லாம் பிள்ளைகளும் போனார்கள். 'அனாதை ரயில்' என்ற பெயர் பிற்காலத்தில் பரவியது. அந்நாட்களில் ஸ்தாபனத்தார் அதை 'வெளியே குடியமர்த்துதல்' என்றே சொன்னார்கள்.

இதைத் தொடங்கியவர் சார்லஸ் லோரிங் பிரேஸ். யேல் கல்லூரியிலும் நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியல் கல்லூரியிலும் இறையியல் பயின்றவர். பிரசங்க பீடத்தைவிடத் தெருவிலேயே தனக்கு அதிக வேலை இருக்கிறது என்று கண்டு, 1853இல், தம்முடைய 26ஆம் வயதில், 'சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி' என்னும் பிள்ளைகள் உதவிச் சங்கத்தை ஏற்படுத்தினார். அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பல் கப்பலாக ஏழைகள் வந்து இறங்கிய காலம் அது. வேலை இல்லை, வீடு இல்லை. பிள்ளைகள் பத்திரிகையும் தீப்பெட்டியும் விற்று, கடைவாசலில் படுத்துக் கிடந்தார்கள். திருடினால் பெரியவர்களோடு சேர்த்து ஜெயிலில் அடைத்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கட்டடத்தில் மணியடித்து எழுப்பி, மணியடித்துச் சோறு போடும் விடுதி பிள்ளைகளை உருவாக்காது, ஒரு குடும்பம்தான் உருவாக்கும் என்பது பிரேஸின் உறுதியான எண்ணம். இதில் அவர் தம் காலத்துக்கு முந்திக்கொண்டவர் என்றே சொல்ல வேண்டும்.

முதல் கூட்டம் 1854இல் மிச்சிகன் நாட்டிலுள்ள டோவாஜியாக் என்ற சிற்றூருக்குப் போனது. ஏறக்குறைய 45 பிள்ளைகள். அழைத்துப் போனவர் ஸ்மித் என்னும் போதகர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கூடிவந்த ஜனங்களிடம் அவர் பிள்ளைகளின் நிலையை எடுத்துச் சொல்ல, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. அதுவே மாதிரியாயிற்று. பிற்பாடு ஒவ்வோர் ஊரிலும் முன்கூட்டியே ஒரு கமிட்டி அமைப்பார்கள். போதகர், டாக்டர், வங்கிக்காரர், பத்திரிகை ஆசிரியர், கடைக்காரர் இப்படிப்பட்ட பெரிய மனிதர்கள் அதில் இருப்பார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். ரயில் வந்ததும் பிள்ளைகளைக் கழுவிச் சீவி, ஆலயத்திலோ நாடகக் கொட்டகை மேடையிலோ வரிசையாக நிறுத்துவார்கள். குடியானவர்கள் வந்து கையைப் பிடித்துப் பார்த்ததையும், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்ததையும் அந்தப் பிள்ளைகளே முதிர்வயதில் சொல்லியிருக்கிறார்கள். எடுபடாத பிள்ளைகள் மறுபடி ரயிலேறி அடுத்த ஊருக்குப் போவார்கள். ஆகவே, ஒரே வண்டியில் கைகோத்து வந்த அண்ணன் ஓர் ஊரிலும் தங்கை 40 மைல் தள்ளி வேறோர் ஊரிலும் இறங்கியது உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேடுகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

கத்தோலிக்கரின் முறை வேறு. பிரேஸின் சங்கம் கத்தோலிக்கப் பிள்ளைகளைப் புரொட்டஸ்டண்டு வீடுகளில் சேர்க்கிறது என்ற குற்றச்சாட்டு நெடுநாள் இருந்தது. அதில் உண்மையும் இருந்தது. 1869இல் சிஸ்டர் ஐரீன் என்ற கன்னிகாஸ்திரீயும் அவரோடிருந்தவர்களும் நியூயார்க்கில் 'ஃபவுண்ட்லிங்' இல்லத்தைத் திறந்து, வாசலில் ஒரு தொட்டிலை வைத்தார்கள். பிள்ளையை வளர்க்க வழியில்லாத தாய் யார் கண்ணிலும் படாமல் அதில் கிடத்திவிட்டுப் போகலாம். அங்கே வளர்ந்த சிறு குழந்தைகளையும் பின்னாளில் ரயிலில் அனுப்பினார்கள். ஆனால் மேடையில் நிறுத்தித் தேர்ந்தெடுக்க விடவில்லை. கிராமத்துக் குருவானவர் மூலமாகக் குடும்பங்கள் முன்னரே விண்ணப்பம் கொடுத்துவிடும். குழந்தையின் உடையில் ஓர் எண் குத்தியிருக்கும். ஸ்டேஷனில் காத்திருக்கும் குடும்பத்தின் கையிலும் அதே எண் இருக்கும்.

இப்போது கசப்பான ஒரு உண்மைக்கு வருகிறேன். 'அனாதை ரயில்' என்கிறோமே தவிர, அதில் போன பிள்ளைகளில் அநேகர் அனாதைகளே அல்ல. தகப்பன் செத்துத் தாய் வீட்டுவேலைக்குப் போனவர்கள், தாய் காசநோயில் படுத்துத் தகப்பனுக்கு வேலை இல்லாதவர்கள், குடிகாரத் தகப்பனைவிட்டு ஓடிவந்தவர்கள், இப்படிப்பட்டவர்களே மிகுதி. சில மாதம் பார்த்துக்கொள்ளுங்கள், கையில் காசு வந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று இல்லத்தில் விட்டுப்போன தாய்மாரும் உண்டு. திரும்பி வந்தபோது பிள்ளை ஆயிரம் மைலுக்கு அப்பால் போய்விட்டிருக்கும். பழைய சூழ்நிலையிலிருந்து அறுத்துவிடுவதே பிள்ளைக்கு நன்மை என்று பிரேஸ் நம்பினார். பசியிலிருந்து பிள்ளையை விடுவிக்க வந்தவர்கள், அதன் பெயரிலிருந்தும் கூடப்பிறந்தவர்களிடமிருந்தும் சேர்த்தே விடுவித்துவிட்டார்கள். அந்த இரண்டாவது விடுதலையைக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து. 1909இல் வாஷிங்டனில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கூட்டிய மாநாடு, வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று தீர்மானித்தது. அதன்பின் விதவைத் தாய்மாருக்கு உதவிப்பணம் கொடுக்கும் சட்டங்கள் ஒவ்வொரு மாநிலமாக வர, ரயில்கள் குறைந்துபோயின.

நன்மை நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1859இல் ஒரே கூட்டமாக இண்டியானாவுக்குப் போன பிள்ளைகளில் இருவர் பிற்காலத்தில் ஆளுநர்கள் ஆனார்கள். ஆண்ட்ரூ பர்க் வட டகோட்டாவுக்கு. ஜான் கிரீன் பிரேடி அலாஸ்காவுக்கு. பிரேடி ஆளுநராவதற்கு முன்னே யேலிலும் பிரேஸ் படித்த அதே யூனியன் இறையியல் கல்லூரியிலும் படித்து, அலாஸ்காவுக்குப் பிரஸ்பிட்டேரியன் மிஷனரியாகப் போனவர். அவர் பெயரின் நடுவிலுள்ள 'கிரீன்', அவரை எடுத்து வளர்த்த நீதிபதியின் பெயர். பிரேடி என்ற சொந்தப் பெயரையும் அவர் விட்டுவிடவில்லை. எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. சம்பளமில்லாத கூலியாளாகவே வளர்ந்து, பண்ணையைவிட்டு ஓடிப்போனவர்களும் இருந்தார்கள்.

எங்கள் மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்பதே, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, இருதய நோய் உண்டா?" என்றுதான். ரயிலில் வந்த பாட்டியின் பேரன் அந்தக் கேள்விக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். தேடல் பலருக்கு இங்கேதான் ஆரம்பமாகிறது. வேறு சிலருக்குப் பாட்டி மரித்தபின் பெட்டியின் அடியில் கிடைத்த ஒரு பழைய சீட்டில் ஆரம்பமாகிறது. பாட்டி தானாகச் சொல்லியிருக்க மாட்டாள். சின்ன ஊர்களில் ரயில் பிள்ளை என்றால் கெட்ட இரத்தம் என்ற பேச்சு இருந்தது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டே வளர்ந்தார்கள்.

நெப்ராஸ்காவில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளுப்பாட்டி ரயிலில் வந்தவள் என்ற வாய்மொழி மட்டும் உண்டு. அவர்கள் எங்கே தொடங்குவது? வீட்டிலேதான். அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கங்களில் பிறப்பு, விவாகம், மரணம் எழுதி வைப்பது வழக்கம். நம்மிலும் சில வீடுகளில் இன்னும் உண்டு. அந்தப் பக்கம், எண் குத்திய ரிப்பன் துண்டு, சங்கத்து ஏஜெண்டு எழுதிய கடிதம், ஒப்பந்தச் சீட்டு இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்தால் பாதி வழி வந்ததுபோல. வயதானவர்கள் உயிரோடிருக்கையிலே உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எந்த ஊரில், ஏறக்குறைய எந்த வருஷத்தில் இறங்கினாள் என்பதே முதலில் வேண்டிய இரண்டு விவரங்கள்.

அடுத்தது சென்சஸ். அமெரிக்காவில் 10 ஆண்டுக்கொருமுறை எடுக்கிற ஜனத்தொகைக் கணக்கில் வீடுவீடாகப் பெயர் எழுதுவார்கள். அந்தத் தாள்களை 72 ஆண்டு கழித்துப் பொதுஜனங்கள் பார்க்கலாம். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் திறக்கப்பட்டது. 1880 முதல், குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்ற கலமும், தாய் தகப்பன் பிறந்த இடம் என்ற கலமும் உண்டு. ரயில் பிள்ளை சில தாள்களில் வேலைக்காரி என்றும், சிலவற்றில் வீட்டில் தங்கியிருப்பவள் என்றும், சிலவற்றில் மகள் என்றும் இருப்பாள். மகள் என்று எழுதியிருந்தால் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் நெப்ராஸ்காவில் பிறந்திருக்க, இவள் ஒருத்தி மட்டும் நியூயார்க்கில் பிறந்தவள், தாய் தகப்பன் பிறந்த இடம் அயர்லாந்து என்று கண்டால் அங்கே நின்று கவனிக்க வேண்டும். 1890ஆம் ஆண்டுத் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்துக்குப்பின் பெரும்பாலும் அழிந்துபோயின. அதனால் 1880க்கும் 1900க்கும் நடுவே 20 வருஷப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதை ஓரளவு நிரப்புவது 1885இல் கான்சஸ், அயோவா, நெப்ராஸ்கா முதலிய இடங்களில் எடுத்த தனிக் கணக்கு. கான்சஸ் கணக்கில், எங்கிருந்து இந்த மாநிலத்துக்கு வந்தார் என்றே ஒரு கலம் உண்டு. அந்தக் கலத்தை வைத்த எழுத்தர் யாரோ, அவருக்கு எத்தனை குடும்பங்கள் நன்றி சொல்லுகின்றனவோ!

வருஷம் தெரிந்தால் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போகலாம். சிற்றூர் வாரப்பத்திரிகைகள், எந்தப் பிள்ளையை யார் வீட்டில் எடுத்தார்கள் என்பதைப் பெயரோடு அச்சிட்டன. இவற்றில் ஏராளமானவற்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கம்ப்யூட்டர் மூலமாக எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் தேடாமல், அந்த வண்டியில் வந்த எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம். ரயில் பாதையில் முன்னும் பின்னும் உள்ள ஊர்களின் பத்திரிகைகளையும் அதே வாரத்துக்குப் புரட்ட வேண்டும். தொலைந்துபோன தம்பி அந்த அடுத்த ஊரிலே இருப்பான்.

பிறகு, அனுப்பியது எந்த ஸ்தாபனம் என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தை, கத்தோலிக்க வீடு என்றால் பெரும்பாலும் ஃபவுண்ட்லிங். சற்று வளர்ந்த பிள்ளை, புரொட்டஸ்டண்டு வீடு என்றால் பிள்ளைகள் உதவிச் சங்கம். இல்லினாய் மாநிலமானால் நியூயார்க் ஜுவனைல் அசைலம் என்ற இல்லத்தையும், பாஸ்டனிலிருந்து வந்த பிள்ளையானால் ஹோம் ஃபார் லிட்டில் வாண்டரர்ஸ் என்ற இல்லத்தையும் விசாரிக்கலாம். பிள்ளைகள் உதவிச் சங்கமும் ஃபவுண்ட்லிங்கும் இன்றும் பிள்ளைகளுக்காகப் பணி செய்கின்றன. அவற்றின் பழைய காகிதங்களில் பெரும்பகுதி நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தனிப்பட்ட பிள்ளையின் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்துவிட முடியாது. சந்ததியார் தங்கள் உறவை நிரூபித்து எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். கான்சஸ் மாநிலம் கன்கார்டியாவில் பழைய ரயில் நிலையத்தில் 2007இல் திறந்த தேசிய அனாதை ரயில் மையமும் இந்தத் தேடலில் உதவுகிறது. லூசியானாவில் ஓபலூசஸ் என்ற ஊரிலும் இப்படி ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஃபவுண்ட்லிங் குழந்தைகள் அந்தப் பக்கம் அதிகமாகப் போனார்கள்.

கோப்பு கிடைத்தால் அதில் என்ன இருக்கும்? ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். பெயர், வயது, தாய் தகப்பன் எந்த நாட்டார், எப்படி இல்லத்துக்கு வந்தது, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, இப்படி நாலைந்து வரி. அதன் கீழே, ஏஜெண்டு வருஷா வருஷம் போய்ப் பார்த்து எழுதிய குறிப்புகள். கிளாரா காம்ஸ்டாக், அன்னா லாரா ஹில் போன்ற பெண் ஏஜெண்டுகள் பிள்ளைகளோடு ரயிலில் போனதோடு நிறுத்தாமல், பிற்பாடும் வீடு தேடிப் போய் விசாரித்து, கடிதமும் எழுதினார்கள். நல்ல மனமுள்ள ஓர் ஏஜெண்டின் கையில் அகப்பட்ட பிள்ளைக்கு ஒரு முழு வரலாறு இருக்கிறது. அவசரக்காரர் கையில் அகப்பட்ட பிள்ளைக்கு, 'சிறுவன், சுமார் 6 வயது, நல்லவன்' என்பதற்குமேல் ஒன்றுமில்லை. பெயர் எழுதாத பிள்ளைக்கு இல்லத்தார் இட்ட பெயரே பெயர். அதற்கு அப்பால் காகிதம் கூட்டிப்போகாது.

எஸ்றாவின் புத்தகம் 2ஆம் அதிகாரத்தில், பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாமல் போனதைப் படிக்கிறோம். ஆசாரிய ஊழியமே அவர்களுக்குத் தள்ளிப்போயிற்று. நீண்ட பெயர்ப்பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிற அந்த அதிகாரத்தை, இந்தத் தேடலில் இருக்கிற ஒருவர் தாண்டிப்போக மாட்டார்.

பிறந்த பெயரும் தேதியும் கோப்பிலிருந்து கிடைத்தால், நியூயார்க் நகராட்சி ஆவணக்காப்பகத்தில் பிறப்புச் சான்றிதழைத் தேடலாம். பழைய பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளை அவர்கள் 2022 முதல் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் எல்லாப் பிறப்பும் பதிவாகவில்லை. ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பெயரின் எழுத்து இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மன் பெயரை ஐரிஷ் குமாஸ்தா காதால் கேட்டு எழுதினால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிள்ளைகளில் பலர் சட்டப்படி தத்தெடுக்கப்படவே இல்லை; பெயர் மட்டும் மாறியது. அதனால் நீதிமன்றக் காகிதம் இல்லை என்பதற்காகக் கதையே பொய் என்று விட்டுவிடக் கூடாது. சட்டப்படி தத்து நடந்திருந்தால், பல மாநிலங்களில் முதல் பிறப்புச் சான்றிதழை முத்திரையிட்டு மூடிவைத்தார்கள். கான்சஸோ, வளர்ந்த பிள்ளைக்கு அதை ஒருநாளும் மறுத்ததில்லை. நியூயார்க் மாநிலம் வெகுகாலம் மறுத்துவிட்டு, 2020 ஜனவரி 15 முதல் 18 வயது நிறைந்த தத்துப்பிள்ளைக்கும், அவர் மரித்திருந்தால் அவருடைய நேர் சந்ததியாருக்கும் கொடுக்கிறது.

காகிதம் முடிந்துபோன இடத்தில் டி.என்.ஏ. சோதனை உதவும். உமிழ்நீரை ஒரு குப்பியில் அனுப்பினால், அதே சோதனை செய்துகொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளானால் ஏறக்குறைய 12½ விழுக்காடு ஒத்திருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் 3 விழுக்காடுதான். தலைமுறை இறங்க இறங்கக் குறைந்துபோகும். ஆகையால் குடும்பத்தில் மிக மூத்தவரின் மாதிரியை முதலில் எடுக்க வேண்டும். இளைஞர்கள் ஆவலோடு தங்களுடையதை அனுப்பிவிட்டுத் தாத்தாவை மறந்துவிடுகிறார்கள். ஓர் எச்சரிப்பும் உண்டு. இந்தச் சோதனை கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. நூறு வருஷத்து ரகசியத்தைத் தேடப்போய், உயிரோடிருக்கிற அத்தையின் ரகசியம் வெளியே வந்துவிடலாம். நோயாளிகளின் கட்டிலருகே பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சம்பந்தப்பட்டவர்களிடம் முன்னமே பேசி, அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள்.

ஃபவுண்ட்லிங் தொட்டிலைப் பற்றி இன்னும் ஒரு காரியம் சொல்ல வேண்டும். பிள்ளையை விட்டுப்போன தாய்மாரில் பலர் ஒரு துண்டுச் சீட்டையும் பிள்ளையின் உடையில் குத்திவிட்டுப் போனார்கள். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் ஆயிற்றா இல்லையா, ஏன் விட்டுப்போக நேர்ந்தது என்று அதில் எழுதியிருப்பார்கள். கன்னிகாஸ்திரீகள் அந்தச் சீட்டுகளைக் குப்பையில் போடவில்லை. இல்லத்தின் மற்றக் காகிதங்களோடு அவையும் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. மங்கிப்போன மையில், கோணல் எழுத்தில், இன்றும் வாசிக்க முடிகிறது.